கிணற்றடி வாளியும் ஒரு தபாலட்டையும்

கோண்டாவிலில் இருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை

எழுத்தாளர்களிடம் ஒப்பம் வாங்கிய கதைகளை இந்தக் குழுவில் எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக எல்லாமே வெளியீட்டு விழாக் கதைகள். வீரசிங்கம் மண்டபத்திலோ நல்லூர் நாவலர் மண்டபத்திலோ வரிசையில் நின்று, காசு வைத்த என்வலப்பைக் கையில் கொடுத்துப் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தை விரித்து நீட்டுவது. என்னிடமும் அப்படி நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. மல்லிகை இலக்கியச் சஞ்சிகையின் அட்டையில் எழுத்தாளர்களின் படம் வந்ததல்லவா, அந்தப் படத்துக்குக் கீழேயே ஒப்பம் வாங்கி வைத்தவையும் உண்டு. எல்லாமே எனக்கு விருப்பமானவைதான். ஆனாலும் என் மனதில் கடிதத்துக்கு இருக்கிற இடம் வேறு. விழாவில் போடுகிற ஒப்பம் பின்னால் நிற்கிறவருக்கும் கிடைக்கும். கடிதம் அப்படியில்லை, எனக்கென்று இருந்து எழுதியது.

1978இல் எனக்குப் பதினாறு வயது. ஒரு நாவலை வாசித்து முடித்துவிட்டு இரவெல்லாம் அழுதேன். கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் விடியமுன்னம் கிணற்றடிக்குப் போகிறாள். பிறகு ஆட்கள் வந்து பார்க்கும்போது கிணற்றுக்கட்டின் மேல் வாளியும் கயிறும் மட்டும் இருக்கின்றன. அதோடு கதை முடிகிறது. ஏன் அவளைச் சாகவிட்டீர்கள் என்று கேட்டு, கொப்பித் தாளில் நாலு பக்கம் எழுதி, புத்தகத்தின் பின்புறத்தில் இருந்த முகவரிக்குப் போட்டேன். எழுத்தாளரின் பெயரை இங்கே சொல்லவில்லை. பிறகு வந்த கடிதங்களில் அவர் தன் வீட்டுக் கதையும் எழுதியிருந்தார், பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதினோராம் நாள் தபாலட்டை வந்தது. நீல மை. எழுத்து வலப்பக்கம் சரிந்து, இடம் போதாமல் கடைசி வரி முகவரிப் பக்கத்தின் ஓரத்தில் ஏறியிருந்தது. “தங்கச்சி, நான் அவளைச் சாகவிடவில்லை. 112ஆம் பக்கத்தைத் திரும்பப் படியும். வாளி எங்கே இருக்கிறது என்று பாரும்.” கீழே ஒப்பம், திகதி.

திரும்பப் படித்தேன். வாளி கிணற்றுக்கட்டின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறது. கயிறு சுற்றி வைத்திருக்கிறது. குதிக்கப் போகிறவள் கயிற்றைச் சுற்றி வைத்துவிட்டா போவாள்? அவள் முகம் கழுவி, ஊரைவிட்டே நடந்து போய்விட்டாள். எப்படி வாசிக்க வேண்டும் என்று எனக்குப் படிப்பித்தது அந்த அட்டைதான். பிறகு நான் தமிழ் படிப்பித்த முப்பது வருடமும் பிள்ளைகளிடம் “வாளி எங்கே இருக்குது எண்டு பாருங்கோ” என்றுதான் சொல்லிவந்தேன்.

அதன்பின் எல்லாருக்கும் எழுதத் தொடங்கினேன். 1995க்குள் பதினேழு பேரிடம் இருந்து 43 கடிதங்கள் சேர்ந்துவிட்டன. நூலகத்துக்குக் கொடுத்து வைக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. 1981 ஜூன் முதலாம் திகதி காலை எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் புகையைப் பார்த்த ஆள் நான். 97,000 வரையான புத்தகங்களும் ஏடுகளும் ஒரே இரவில் போயின. அதற்குப் பிறகு எதையும் வீட்டை விட்டு வெளியே கொடுக்க மனம் வரவில்லை. கடிதங்களை ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டுப் பறணில் வைத்தேன்.

1995 ஒக்ரோபர் 30. யுத்தத்தில் வலிகாமமே எழும்பி நடந்த இரவு. நாவற்குழிப் பாலத்தில் ஆளோடு ஆள் ஒட்டியபடி, மழையில், ஒரு சைக்கிளில் அரிசியும் அம்மாவும். ரின் பறணிலேயே கிடந்தது.

அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை. ரின் அங்கேதான் இருந்தது, ஆனால் மூடி கறள் பிடித்து உள்ளே தண்ணீர் போயிருந்தது. கடிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டி. பாயில் வைத்து நிழலில் மூன்று நாள் மெல்ல மெல்லப் பிரித்தோம். அப்போதுதான் தெரிந்தது: மைப்பேனையால் எழுதியவர்களின் கடிதங்கள் வெறும் நீலக் கறையாகி இருந்தன. மை தண்ணீரில் கரைந்துவிடும். போல்பொயின்ற் பேனையின் மை எண்ணெயில் குழைத்தது, அது நின்றது. 43இல் வாசிக்கக்கூடியவை ஒன்பது. அழகான எழுத்துக்காரர் எல்லாரும் மைப்பேனைக்காரர்.

அந்தத் தபாலட்டை மட்டும் நனையாமல் தப்பியது. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த உரைக்குள் அம்மா அதை எப்போதோ எடுத்து வைத்திருக்கிறா. எனக்குச் சொல்லவில்லை. “நீ அதைத்தானே அடிக்கடி எடுத்துப் பாக்கிறனி” என்றா.

*

வடமராட்சியில் இருந்து

அக்கா, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நான் சேகரிப்பாளன் இல்லை. ஆனால் என்னிடம் ஒரு நாவலாசிரியரின் ஒப்பம் இருப்பது இருபது வருடம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. என் தேர்ச்சி அறிக்கையில்!

தேவரையாளி இந்துக் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்த நடேசு மாஸ்ரர்தான் தெணியான். ‘விடிவை நோக்கி’, ‘கழுகுகள்’ ஆகிய நாவல்களை எழுதியவர். அவர் கதை எழுதுவார் என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் அந்தக் கதைகளின் கனம் அந்த வயதில் தெரியவில்லை. 2022இல் அவர் மறைந்த பிறகு பழைய பெட்டியைக் கிளறினேன். தேர்ச்சி அறிக்கையில் ஆசிரியர் என்ற இடத்தில் அவருடைய ஒப்பம். பக்கத்தில் “வாசிப்பு நன்று. எழுத்துப் பிழை கவனிக்க.” அதை இப்போது சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் எழுத்தாளர்களில் பலர் வாத்திமார், அல்லது கந்தோர் உத்தியோகம். செங்கை ஆழியானை எடுங்கள். இலங்கை நிர்வாக சேவையில் க. குணராசா என்ற இயற்பெயரில் எத்தனை கடிதத்தில் ஒப்பம் வைத்திருப்பார்? ‘காட்டாறு’ வாசித்தால் அந்த மேசைக்குப் பின்னால் இருந்து அவர் என்னென்ன கண்டிருப்பார் என்று தெரியும். அவர் வேலை செய்த காலத்து வன்னிக் காணிக் கடிதங்களை வைத்திருக்கும் சனங்களுக்கு, கீழே இருப்பது ‘வாடைக்காற்று’ எழுதிய கை என்பது தெரியாமலே இருக்கலாம். பழைய கடதாசியை எரிக்கமுன்னம் ஒப்பத்தை ஒருக்கால் பாருங்கோ.

*

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து

எனக்கு நடந்ததை எழுதுகிறேன், வேறு யாருக்கும் நடக்கக்கூடாது.

தாத்தாவுக்கு 1992இல் ஒரு நாவலாசிரியர் எழுதிய கடிதம். பொருளாதாரத் தடைக் காலம், பேப்பர்களே கொப்பித் தாளில் அச்சாகி வந்த நேரம். மெல்லிய கோடு போட்ட தாளின் இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி எழுதியது. தன் நாவலின் கையெழுத்துப் பிரதியை எந்த வீட்டில் எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறார் என்று ஒரு பந்தியே அதில் இருந்தது. பழுதாகப் போகுது என்று பயந்து நான் ஒரு கடையில் கொடுத்து லமினேற் செய்வித்தேன். சூட்டில் பசை உருகித் தாளுக்குள் ஊறிவிட்டது. முன்பக்க எழுத்தும் பின்பக்க எழுத்தும் ஒன்றுக்குள் ஒன்று தெரிகின்றன, எதையும் வாசிக்க முடியவில்லை. கழற்றவும் முடியாது, கழற்றினால் தாளும் சேர்ந்து கிழியும். முதலில் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. தாத்தாவின் முன்னால் அதை நீட்டியபோது அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், பிறகு மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

*

கோண்டாவிலில் இருந்து, முதற்பதிவு எழுதியவர்

தங்கச்சி, உமக்கு மட்டும் நடந்தது இல்லை இது. செல்லோரேப் ஒட்டிக் கெடுத்த கடிதம் என்னிடமும் இருக்கிறது. பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிட்டது. றப்பர் பாண்ட் போடாதேயுங்கோ, அது உருகி ஒட்டும். மடிப்பை விரித்துத் தட்டையாக வையுங்கோ, மார்கழி மழைக்குப் பிறகு ஒருமுறை எடுத்து நிழலில் காற்றுப்பட விடுங்கோ. எல்லாவற்றுக்கும் முதல் படம் எடுத்து, அதில் ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள ஒருவருக்கு அனுப்புங்கோ. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் எத்தனை புத்தகங்களைக் காப்பாற்றித் தந்திருக்கிறது! என் ஒன்பது கடிதத்தையும் படமெடுத்தபோதுதான் 1981இல் இருந்து நெஞ்சில் கிடந்த பயம் கொஞ்சம் இறங்கியது.

ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார், பழைய புத்தகத்தில் வேறு யாருக்கோ எழுதிக் கொடுத்த பக்கம் இருந்தால் அதைக் கிழித்துவிடலாமா என்று. ஐயோ, வேண்டாம். வெறும் ஒப்பத்தைவிட அந்தப் பெயர்தான் பெறுமதி. நாவலாசிரியர் கே. டானியலின் கடிதங்கள் தொகுப்பாக வந்தபோது எனக்கு அதில் பெரிதாகப் பட்டது, அவை யாருக்கு எழுதப்பட்டவை என்பதே. ஆளுக்கு ஆள் எழுத்தாளரின் குரல் மாறும்.

போன வருடம் பழைய புத்தகக் குவியலில் ஒரு நாவல் எடுத்தேன். உள்ளே: “எனது மூன்று நாவல்களையும் தட்டச்சில் அடித்துத் தந்த சகோதரிக்கு”, பெயர், ஒப்பம், 1976. அந்தப் பெயர் நாவலில் வேறு எங்கும் இல்லை, நன்றியுரையிலும் இல்லை. ஊரில் விசாரித்துக்கொண்டே போனால், அந்த அம்மா இன்னும் இருக்கிறா. எண்பத்தாறு வயது. புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தா.

“மூண்டு இல்லைப் பிள்ளை, நாலு. நாலாவது அச்சிலை வரேல்லை. அந்த நேரம் வெளிச்சாமான் ஒண்டும் வராது, ரிப்பன் எங்கையும் இல்லை. காபன் தாளை வைச்சுத்தான் முழுக்க அடிச்சனான். அவர் தன்ரை பிரதியைக் கொண்டு போட்டார். மற்றது இஞ்சை கிடக்க வேணும்.”

மகள் அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தா. பழஞ்சேலையில் சுற்றி, 208 தாள். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, எழுத்து ஊதா நிறத்தில் மங்கியிருக்கிறது, ஆனால் வாசிக்கலாம். எழுத்தாளரின் குடும்பத்தோடு கதைத்துவிட்டோம், அவர்களிடம் மூலம் இல்லை. சனிக்கிழமைகளில் போய், யன்னலோரம் பாயில் வைத்து ஒவ்வொரு தாளாகப் படமெடுக்கிறோம். நேற்றோடு 90 ஆகிவிட்டது. அம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, எழுத்து அழிந்த இடங்களை நினைவில் இருந்து சொல்லித் தாறா.