கருமுட்டை உறைய வைத்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் தோழிகளே. எனக்கு வயது 34. இப்போதைக்குக் கல்யாண யோசனை இல்லை, ஆனால் பின்னாளில் பிள்ளை வேண்டும். அதனால் கருமுட்டைகளை உறைய வைக்கலாம் என்றிருக்கிறேன். ஏஎம்ஹெச் என்ற ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்துவிட்டன. ஏஎம்ஹெச் என் வயதுக்குச் சற்றுக் குறைவு. அது முட்டைகளின் இருப்பைத்தான் காட்டும், தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது என்று டாக்டர் விளக்கினார். அதனால்தான் தள்ளிப்போடத் தயக்கமாக இருக்கிறது.

நடைமுறை ஓரளவு புரிகிறது. 10, 12 நாள் போல தினமும் ஹார்மோன் ஊசி, நடுநடுவே ஸ்கேன், கடைசியில் முட்டைகளை முதிர வைக்கும் ட்ரிகர் ஊசி. அதைப் போட்டுச் சுமார் 36 மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை எடுப்பார்கள். அந்த ஊசிக்கு மட்டும் நேரம் தவறவே கூடாதாம். அப்புறம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சேமிப்பு. இத்தனைக்கும் பிறகு குழந்தை நிச்சயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதுவும் தெரியும்.

வயிற்றில் ஊசியை நீங்களே போட்டுக்கொண்டீர்களா? ரத்தம் எடுக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் நான். வேலைக்குப் போய்க்கொண்டே சமாளிக்க முடிந்ததா? வயிறு உப்பி, மூச்சு வாங்கி, மறுபடி மருத்துவமனைக்கு ஓடியவர்கள் உண்டா? முதல் சுற்றில் முட்டை குறைவாகக் கிடைத்து, இரண்டாவதுக்குப் போனவர்கள் எதை வைத்து முடிவெடுத்தீர்கள்? முக்கியமாக, உறைய வைத்ததைப் பின்னால் பயன்படுத்தியவர்கள் இருந்தால், உருக்கிய பிறகு எத்தனை தேறின என்று சொல்லுங்கள். பொதுவில் எழுதத் தயக்கமென்றால் தனிச்செய்தி அனுப்பினாலும் சரி.

"முதலில் கல்யாணம் பண்ணிக்கோ" என்ற அறிவுரை வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது, அது மட்டும் வேண்டாம் ப்ளீஸ்.