கேடட் பைலட் இன்டர்வியூவில் ‘இல்லை’ என்று வந்த பிறகு: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

திருச்சிக்காரன்:

கேடட் பைலட் முடிவுகள் வரும் சமயத்திலெல்லாம் தனிச் செய்தியில் ஒரே கேள்வி வந்து விழுகிறது. “அண்ணா, ரிஜெக்ட் ஆயிடுச்சு. நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?” தனித்தனியாகப் பதில் எழுதிச் சலித்துவிட்டது. என் கதையை இங்கே போட்டுவிடுகிறேன், மற்றவர்களும் எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் வேண்டாம்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: கேடட் திட்டத்தில் விமான நிறுவனமே ஆளைத் தேர்ந்தெடுத்து, தான் சொல்லும் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பும். 200 மணி நேரப் பறப்பு, சி.பி.எல் (வணிக விமானி உரிமம்), டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) எல்லாம் முடிந்தால் அதே நிறுவனத்தில் ஜூனியர் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. செலவு நம் தலையில்தான், ஒரு கோடியைத் தாண்டும். ஆனாலும் கடைசியில் ஒரு வேலை காத்திருக்கிறது என்பதால் எல்லோரும் இதைத்தான் முதலில் முயல்வோம்.

கணினித் தேர்வு தாண்டினேன். திரையில் ஓடும் புள்ளியை ஜாய்ஸ்டிக்கால் நடுவில் நிறுத்திக்கொண்டே மனக்கணக்கும் போட வேண்டிய அந்தத் தேர்வுதான். குழுப் பயிற்சி சுமாராகப் போனது. அப்புறம் குருகிராமில் நேர்காணல். எதிரே ஒரு கேப்டன், எச்.ஆர் அம்மா ஒருவர், ஓரமாக எதுவும் பேசாமல் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த இன்னொருவர்.

ஊர் திருச்சி என்றதும் கேப்டன் அன்றைய திருச்சி வானிலை அறிக்கையை நீட்டி, படி என்றார். காற்று, பார்வைத் தூரம், மேக உயரம், அழுத்தம் எல்லாம் சொன்னேன். பிறகு, “உன் கேப்டன் கிட்ட மது வாடை அடிக்குது. என்ன பண்ணுவ?” என்று கேட்டார். பறப்பதற்கு முன் 12 மணி நேரத்துக்கு மது கூடாது என்ற விதியைச் சொன்னேன். முதலில் அவரிடமே தனியாகச் சொல்வேன், அவர் ஒதுங்காவிட்டால் ஆபரேஷன்ஸுக்குத் தகவல் கொடுப்பேன் என்றேன். “அவர் உன்னைவிட இருபது வருஷம் சீனியர்.” “அப்பவும் அதேதான் சார்.” தலையை ஆட்டினார். வெளியே வரும்போது மனசு லேசாக இருந்தது. கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

வந்தது ஒரு சின்ன மின்னஞ்சல். கலந்துகொண்டதற்கு நன்றி, மேற்கொண்டு தொடர இயலவில்லை, தனிப்பட்ட காரணங்களைத் தெரிவிக்கும் வழக்கம் இல்லை, ஒரு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். அவ்வளவுதான்.

தோற்றதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. காரணம் தெரியாததுதான் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. டி.ஜி.சி.ஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) நடத்தும் தேர்வுத் தாளில் 70 சதவீதம் வரவில்லை என்றால் எத்தனை குறைந்தது என்று தெரியும். மெடிக்கலில் நின்றுபோனால் கண்ணா காதா என்று எழுதிக் கொடுப்பார்கள். இதில் ஒன்றுமே இல்லை. மனசு வெற்றிடத்தை விட்டு வைக்குமா? தானே நிரப்ப ஆரம்பித்துவிட்டது. பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்த என் ஆங்கில உச்சரிப்பா? இறக்கை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் டைஹெட்ரல் கோணத்தைப் பற்றிக் கேட்டபோது ஒரு நொடி தயங்கினேனே, அதுவா? குழுப் பயிற்சியில் குறைவாகப் பேசினேனா, இல்லை அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிவிட்டேனா? ராத்திரி முழுக்க அந்த அறைக்குள்ளேயே கிடந்தேன்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மாமாவுக்கு, சிபாரிசு இல்லாமல் எவன் எடுப்பான். அத்தைக்கு, ஏழரைச் சனி. கல்லூரி நண்பனுக்கு, இந்தி தெரியாததுதான் காரணம். ஒருவருக்கும் எதுவும் தெரியாது, எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். என் குழுவில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒருவன் தேர்வானான். என்னைவிட நூறு மடங்கு தெளிவாகப் பேசிய கேரளப் பெண்ணுக்கு எனக்கு வந்த அதே மின்னஞ்சல்தான் வந்தது. இதில் எந்தக் கணக்கைக் கண்டுபிடிப்பது?

நம் ஊரில் விமானி வேலையில் நிராகரிக்கப்பட்டால் தப்பாமல் கிடைக்கும் ஆறுதல் ஒன்று உண்டு: கலாம் கதை. 1958-இல் டேராடூனில் விமானப் படைத் தேர்வு, 25 பேர் போட்டி, 8 இடம், அவர் ஒன்பதாவது. எனக்குக் கதை தெரியும், தெருவில் பார்ப்பவரெல்லாம் மறுபடி சொன்னார்கள். ஒரு கட்டத்தில் “கலாமே...” என்று யாராவது தொடங்கினாலே எழுந்து போய்விடுவேன். கலாமுக்குத் தான் ஒன்பதாவது என்றாவது தெரிந்ததே என்றுதான் எனக்குத் தோன்றியது. எனக்கு நான் ஒன்பதா தொண்ணூறா என்றுகூடத் தெரியாது. இன்னொன்று. 2006-இல், 74 வயதில், குடியரசுத் தலைவராக இருக்கும்போது புனேயில் சுகோய் விமானத்தில் ஏறிப் பறந்தாரே, அதை இவர்கள் யாரும் சொல்வதில்லை. அந்த ஆசை அவரை விட்டுப் போயிருந்தால் அந்த வயதில் போர் விமானத்தில் ஏறியிருப்பாரா? ‘வேறு பெரிய இடத்துக்குப் போனார், அதனால் மறந்துவிட்டார்’ என்று முடிக்கிற கதை எனக்கு ஒட்டவில்லை.

கொஞ்சம் தெளிந்த பிறகு வேறு பக்கமும் பார்த்தேன். ஒரு நிறுவனம் எத்தனை கேடட்டுகளை எடுக்கும் என்பது நம் முகத்தைப் பார்த்து முடிவாவதில்லை. 2023-இல் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அதே 2023-இல்தான் என்ஜின் பிரச்சினையைக் காரணம் காட்டி கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் திவால் மனு போட்டது. ஓட்டிப் பழகிய விமானிகள் ஒரே நாளில் சந்தைக்கு வந்தார்கள். ஒரு பேட்ச்சில் இடம் குறைந்தால் குறைந்ததுதான், அதை எந்த மின்னஞ்சலிலும் எழுத மாட்டார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை. அப்படியும் நடந்திருக்கலாம் என்பதே உச்சரிப்பு, தயக்கம் போன்ற என் சொந்தத் தயாரிப்புகளின் பிடியைத் தளர்த்தியது.

நடைமுறையில் உதவியது ரொம்பச் சின்ன விஷயங்கள். தேர்வானவர்கள் யூனிஃபார்ம் அளவு கொடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறினேன். (வாழ்த்திவிட்டுத்தான்.) உறவுக்காரர்கள் கேட்டால் சொல்ல ஒரே வாக்கியம்: “அடுத்த வருஷம்தான் மறுபடி போட முடியும்.” கேள்வி அங்கேயே நின்றுவிடும். எங்கள் வீடு விமான நிலையத்துக்குப் பக்கம். சாயங்காலம் தாழ்வாக இறங்கும் சத்தம் கேட்டால் டிவி ஒலியைக் கூட்டி வைப்பேன், சில வாரம் அப்படித்தான் ஓடியது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரிஜெக்ட் ஆன கொஞ்ச நாளிலேயே ஏஜென்டுகள் போன் செய்வார்கள். நம் எண் எப்படிப் போகிறதோ தெரியவில்லை. “சார், அந்த கம்பெனி இல்லன்னா என்ன, வெளிநாட்டுல சீட் இருக்கு, இந்த வாரமே அட்வான்ஸ் போட்டா சலுகை.” கோபமும் அவமானமும் சூடாக இருக்கும் நேரம் அது, ‘நானும் பைலட் ஆகிக் காட்டுகிறேன்’ என்று கையெழுத்துப் போடத் தோன்றும். அந்த மாதம் யாருக்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

கோவைத் துணைவிமானி:

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் காரணம் தேடக் கூடாது என்கிற மாதிரிப் போகிறதே, அதை முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். அறையை விட்டு வந்ததும், முடிவு வருவதற்கு முன்பே, கேட்ட கேள்விகளை வரிசையாக எழுதி வைத்துவிட வேண்டும். அதில் எதற்குப் பதில் தெரியவில்லை என்பது உண்மையான தகவல். டைஹெட்ரல் தடுமாறியதா, போய்ப் படி. ‘அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள்’ என்பதை மட்டும் விட்டுவிடு.

என் கதை வேறு மாதிரி. எங்கள் காலத்தில் கேடட் கீடட் எல்லாம் எட்டாத சமாசாரம். கடன் வாங்கி நேரடியாக சி.பி.எல் முடித்தேன். உரிமம் கைக்கு வந்தது 2012. அந்த வருடம்தான் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் நின்றுபோனது. ஏர்பஸ்ஸில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டியவர்களே வேலை தேடிக்கொண்டிருந்தார்கள், 200 மணி நேரக்காரனை யார் சீண்டுவார்? அப்பாவின் மோட்டார் பம்ப் கடையில் பில் போட்டேன். கஸ்டமர் ஒருவர் “பைலட் தம்பி, ரெண்டு ஃபுட்வால்வு எடுங்க” என்பார். கிண்டல் இல்லை, பாசமாகத்தான் சொல்வார். ஆனாலும் சுருக்கென்று இருக்கும்.

நேர்காணலில் ‘இல்லை’ என்றால் ஒரு நாள் வலி. உரிமத்தை வைத்துக்கொண்டு வேலை இல்லாமல் இருப்பது தவணை முறையில் வலி. மெடிக்கலை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) செக் கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காசு. பறக்காமல் கை துரு ஏறும். கேடட் நேர்காணலில் நின்றுபோனவர்கள் இதையும் யோசியுங்கள். உங்களுக்கு ‘இல்லை’ வந்தது கடன் வாங்குவதற்கு முன்னால்.

பல வருஷம் கழித்துத்தான் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். சேர்ந்து காலூன்றுவதற்குள் 2020 வந்தது. மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டு விமானமே இல்லை, சம்பளம் வெட்டு. பம்ப் கடைச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

டவர் அக்கா:

நான் மதுரை. பி.எஸ்சி இயற்பியல் முடித்துக் கேடட் நேர்காணல் போய், இதே மாதிரி ஒரு மின்னஞ்சல் வாங்கினவள். மெயில் வந்த வாரமே பெரியம்மா, “அதான் கிடைக்கலையே, இனிமே வரன் பாக்கலாமா” என்றார். தம்பிகளுக்குக் கிடைக்கிற ‘அடுத்த வருஷம்’ என்கிற வாய்தா பெண் பிள்ளைகளுக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. நம் நாட்டு விமானிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பெண்கள், உலக சராசரியைவிட அதிகம் என்று பெருமையாகச் சொல்கிறோம். வீட்டுக்குள் அந்த எண்ணிக்கையைச் சொன்னால் “சரி சரி, சாப்பிடு” என்பார்கள்.

கோபத்தில்தான் விமான நிலைய ஆணையத்தின் ஏ.டி.சி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) தேர்வு எழுதினேன். பிரயாக்ராஜில் பயிற்சி. இப்போது கோபுரத்தில் இருக்கிறேன். ‘பைலட் கிடைக்கலன்னா ஏ.டி.சி போயிடு’ என்று ஆறுதல் பரிசு மாதிரி இங்கே பலர் எழுதுகிறார்கள், அதைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதுவும் ஏராளமானோர் எழுதுகிற போட்டித் தேர்வு. இங்கே வந்தவர்கள் எல்லாம் வழி தவறி வந்தவர்கள் இல்லை. அதேசமயம் பொய் சொல்ல மாட்டேன். பயிற்சிப் பள்ளி மாணவர் யாராவது நடுங்கும் குரலில் முதல் தனிப் பறப்புக்கு அனுமதி கேட்டால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். காற்றின் வேகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துச் சொல்வேன்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் இந்த மாதிரிப் பகிர்வுகளைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 14416 டெலிமானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், இலவசம்.

நாமக்கல் அப்பா:

தம்பிகளுக்கு வணக்கம். என் பையன் படிக்கச் சொல்லி இந்தப் பக்கத்தை அனுப்பினான், நேரில் பேச மாட்டேன் என்கிறான். போன மாதம் அவனுக்கும் ‘இல்லை’ என்று வந்தது. அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. நானும் அவன் அம்மாவும் வெளியே மெதுவாகப் பேசிக்கொள்கிறோம்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். மூன்று ஏக்கர் பத்திரத்தை வங்கியில் அடமானம் வைக்கத் தயாராக எடுத்து வைத்திருந்தேன். அவனுக்குக் கிடைக்கவில்லை என்றதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அப்புறம்தான் வருத்தம் வந்தது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் “பரவாயில்ல கண்ணு” என்று மட்டும் சொன்னால் அவன் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறான். என்ன செய்ய?

திருச்சிக்காரன்:

ஐயா, சொல்லிவிடுங்கள். நிம்மதி, வருத்தம் இரண்டையும் அதே வரிசையில் சொல்லுங்கள். எங்கள் அப்பா அன்றைக்கு ‘பரவாயில்ல’ என்றபோது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அவர் வாயைத் திறந்து கடனைப் பற்றிப் பேசிய பிறகுதான் நாங்கள் ஒரே தட்டில் சாப்பிடுகிற மாதிரி ஆனோம்.

கோவை அண்ணா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், கேள்விகளை எழுதி வைப்பது சரிதான். டவர் அக்கா, மன்னியுங்கள், ‘ஏ.டி.சி போயிடு’ என்று நானும் யாருக்கோ எழுதிய ஞாபகம்.

ஐயா, தம்பி வெளியே வந்ததும் கிளாஸ் 2 மெடிக்கல் (முதல் கட்ட உடல்தகுதிச் சோதனை) எடுத்தாச்சா என்று மட்டும் கேளுங்கள். பல பேர் அதை எடுக்காமலே நேர்காணலுக்குப் போய்விடுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட டாக்டர்கள் பட்டியல் டி.ஜி.சி.ஏ இணையதளத்தில் இருக்கிறது. அது முடிந்தால்தான் கிளாஸ் 1, அதாவது வணிக விமானிக்கான சோதனை. நான் அதற்குப் பெங்களூருவில் விமானப் படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனத்துக்குப் போனேன். தேதி கிடைக்கத் தாமதமாகும், அந்த இடைவெளியில் ஏர் ரெகுலேஷன்ஸ் (வான்வழி விதிகள்) தாளைப் படிக்கலாம். செலவு புத்தக விலையும் தேர்வுக் கட்டணமும்தான், நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். கண்ணாடி போடுகிறவர் என்றால் பழைய பவர் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். பெங்களூரு போகும் தேதி தெரிந்தால் எழுதுங்கள், தங்க இடம் சொல்கிறேன்.