'மேட் இன் ஜப்பான்': டீப் பர்ப்பிளின் முதல் நேரடி ஆல்பம் இதுதானா? ஸ்டூடியோ ஒட்டுவேலை ஏதும் உண்டா?

சுழல்தட்டு எழுதியது:

வணக்கம். பிரிட்டனின் ஹார்ட் ராக் குழுவான டீப் பர்ப்பிளின் 'இன் ராக்', 'ஃபயர்பால்', 'மெஷின் ஹெட்' ஆகிய மூன்று ஸ்டூடியோ ஆல்பங்களையும் கேட்டு முடித்துவிட்டு, சென்ற மாதம்தான் 'மேட் இன் ஜப்பான்' இரட்டை இசைத்தட்டுக்கு வந்து சேர்ந்தேன். இதை அவர்களுடைய முதல் நேரடி ஆல்பம் என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். ஆனால் 1969-இல் ஆர்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து அவர்கள் நடத்திய கச்சேரியும் ஆல்பமாக வந்திருக்கிறதே, அதை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை?

இன்னொரு ஐயமும் உண்டு. எழுபதுகளின் புகழ்பெற்ற நேரடி ஆல்பங்கள் சிலவற்றில், கச்சேரி முடிந்த பிறகு ஸ்டூடியோவில் மறுபடி பாடியும் வாசித்தும் ஒட்டியிருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். இந்த ஆல்பத்தின் ஒலி அவ்வளவு துல்லியமாக இருப்பதே என்னைச் சந்தேகப்பட வைக்கிறது. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: நான்காம் பக்கம் முழுவதையும் 'ஸ்பேஸ் டிரக்கின்' ஒன்றே எடுத்துக்கொள்கிறது. ஸ்டூடியோவில் நாலரை நிமிடத்தில் முடிந்த பாடலுக்கு ஏறத்தாழ 20 நிமிடம் தேவைதானா?

பழைய கேசட் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வதே சரி. 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், மால்கம் ஆர்னால்டு நடத்த, ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுடன் டீப் பர்ப்பிள் மேடையேறியது. 'கான்செர்ட்டோ ஃபார் குரூப் அண்ட் ஆர்கெஸ்ட்ரா' என்ற பெயரில் வந்த அந்த ஆல்பம் முழுக்க முழுக்க நேரடிப் பதிவு.

ஆனால் அது ஆர்கன் கலைஞர் ஜான் லார்டு எழுதிய மூன்று பகுதிகள் கொண்ட ஒரு தனிப் படைப்பு. அதில் குழு பாதி, ஆர்கெஸ்ட்ரா பாதி. பாடகர் இயன் கில்லனும் பேஸ் கிட்டார் வாசிக்கும் ராஜர் குளோவரும் குழுவில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோருக்கு அந்தப் பாதையில் தொடர விருப்பமில்லை. அடுத்த ஆண்டு வந்த 'இன் ராக்' எவ்வளவு முரட்டுத்தனமான ஆல்பம் என்பதிலிருந்தே அவர் மனநிலையை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே ஹார்ட் ராக் குழுவாகத் தம் சொந்தப் பாடல்களைத் தம் வழக்கமான மேடையில் வாசித்த முதல் ஆல்பம் என்ற பொருளில்தான் 'மேட் இன் ஜப்பா'னுக்கு அந்தப் பட்டம் தரப்படுகிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

எட்டு டிராக் எழுதியது:

ஒட்டுவேலை பற்றிய கேள்வியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த ஆல்பத்தின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

முதலில், இப்படி ஓர் ஆல்பம் வேண்டும் என்று கேட்டது குழு அல்ல. ஜப்பானில் அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்த நிறுவனம். அது ஜப்பானில் மட்டும் விற்பனைக்கு வருமென்றுதான் குழுவினர் எண்ணியிருந்தார்கள். தங்கள் ஆல்பங்களைப் பதிவு செய்து பழகிய ஒலிப்பொறியாளர் மார்ட்டின் பிர்ச்சையே இதற்கும் வரவழைத்தார்கள். 1972 ஆகஸ்டு 15, 16 ஆகிய இரண்டு இரவுகள் ஒசாகா ஃபெஸ்டிவல் ஹாலிலும், 17-ஆம் தேதி டோக்கியோவின் நிப்பான் புடோகானிலும் எட்டு டிராக் கருவியில், அதாவது எட்டுத் தனித்தனி ஒலித்தடங்களில், பதிவு நடந்தது. எட்டே டிராக்குகளில் டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஆர்கன், குரல், ரசிகர்களின் ஆரவாரம் எல்லாவற்றையும் அடக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மூன்று இரவுகளிலும் நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஒவ்வொரு பாடலுக்கும் எந்த இரவு நன்றாக அமைந்ததோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வாய்ப்பிருந்தது. 'ஹைவே ஸ்டார்', 'சைல்ட் இன் டைம்', 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்', 'ஸ்பேஸ் டிரக்கின்' ஆகிய நான்கும் 16-ஆம் தேதி ஒசாகாவில் பதிவானவை. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' மட்டும் 15-ஆம் தேதிக்குரியது. இயன் பெய்ஸின் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் இடம்பெறும் 'த மியூல்', மற்றும் 'லேஸி' ஆகிய இரண்டும் டோக்கியோவிலிருந்து வந்தவை. குழுவினருக்கு டோக்கியோ இரவுதான் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் புடோகான் 1964 ஒலிம்பிக்கின் ஜூடோ போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட பெரிய எண்கோண அரங்கு. இசைக்கென்றே கட்டப்பட்ட ஒசாகா அரங்கில் கிடைத்த ஒலித் தெளிவு அங்கே கிடைக்கவில்லை. ஏழில் ஐந்து பாடல்கள் ஒசாகாவுக்குப் போனதன் காரணம் இதுதான்.

இனி உங்கள் சந்தேகம். இந்த ஆல்பத்தில் மேற்பதிவு, அதாவது பிறகு ஸ்டூடியோவில் பாடியோ வாசித்தோ சேர்த்தது, எதுவும் இல்லை. பதிவான தடங்களை ஒன்றாகக் கலந்து சமன் செய்யும் மிக்ஸிங்குக்கே குளோவரும் பெய்ஸும் மட்டும்தான் வந்து உட்கார்ந்தார்கள். மற்ற மூவரும் அக்கறை காட்டவில்லை. மிக்ஸிங்குக்கே வராதவர்கள் மறுபடி பாடவும் வாசிக்கவும் வந்திருப்பார்களா? 1975-இல் வந்த கிஸ் குழுவின் 'அலைவ்!' ஆல்பத்தில் ஸ்டூடியோத் திருத்தங்கள் உண்டு என்பதை அதன் தயாரிப்பாளர் எடி கிரேமரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். தின் லிஸி குழுவின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' ஆல்பத்தின் விஷயத்தில் எவ்வளவு திருத்தினார்கள் என்பதில் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டிக்கும் குழுவினருக்கும் கருத்து ஒத்துப்போகவே இல்லை. இரண்டுமே நல்ல ஆல்பங்கள்தாம், மறுக்கவில்லை. ஆனாலும் 'சைல்ட் இன் டைம்' பாடலில் கில்லனின் குரல் படிப்படியாக ஏறி அலறலாக மாறும் அந்த இடத்தை, அது ஒரே இரவில், ஒரே மூச்சில் நடந்தது என்று தெரிந்துகொண்டு கேட்பதில் தனி மகிழ்ச்சி இருக்கிறது.

அட்டைப்படத்தில்தான் சிறு பொய் ஒளிந்திருக்கிறது. மேற்கு நாடுகளில் வெளியான பதிப்பின் உறையில் காணும் வண்ணப் படம் ஜப்பானில் எடுத்ததன்று. லண்டன் ரெயின்போ தியேட்டரில் எடுத்தது.

மூலைக்கடை ரேடியோ எழுதியது:

நான்காம் பக்கத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டீர்கள். உங்கள் கட்சியில் பாதிதான் நான். அந்தப் பகுதி 'ஸ்பேஸ் டிரக்கின்' பாடலின் நீட்சியே அல்ல. பழைய 'மேண்ட்ரேக் ரூட்' பாடலின் முடிவில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் வாசித்துப் பழகிய கற்பனைப் பகுதியைக் கழற்றி இதன் வாலில் பூட்டிவிட்டார்கள். நமது கச்சேரிகளில் கீர்த்தனை எங்கே முடிகிறது, நிரவல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் கேட்கிறோம் அல்லவா, அதுபோல இதையும் இரண்டாகப் பிரித்துக் கேட்டால் சலிப்புக் குறையும். லார்டு தம் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாகச் செலுத்தியதால் அது கிட்டாரோடு சரிக்குச் சரி உறுமுவதை இங்கேதான் நன்றாகக் கேட்க முடிகிறது.

ஆனால் நடுவில் ஓரிரு நிமிடங்கள் திசை தெரியாமல் அலைகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீட்டிப்பு என்றால் எனக்கு 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' போதும். பிளாக்மோர் கிட்டாரில் ஒரு சொற்றொடரை வாசிக்க, கில்லன் அதைக் குரலில் திருப்பிச் சொல்ல, அடுத்ததை அவர் இன்னும் கடினமாக்க, இவர் விடாமல் துரத்த என்று நடக்கும் அந்தப் போட்டிக்கு ஈடாக நான்காம் பக்கத்தில் எதுவும் இல்லை.

சுழல்தட்டு எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடியும் கேட்டேன். ஆர்கன் ஒரு காதிலும் கிட்டார் மறு காதிலுமாகப் பிரிந்து ஒலிப்பதை இப்போதுதான் கவனித்தேன். ஒட்டுவேலை என்று நான் சந்தேகப்பட்ட தெளிவுக்கு ஒசாகா அரங்கும் பிர்ச்சின் மைக் அமைப்புமே காரணம் என்பது இப்போது புரிகிறது. நான்காம் பக்கத்துக்கு மட்டும் இன்னும் அவகாசம் தேவைப்படுகிறது.

எட்டு டிராக் எழுதியது:

கேட்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1972 டிசம்பரில் வந்த ஆல்பம் அமெரிக்காவில் 1973 ஏப்ரலில்தான் வெளியானது. அங்கே அது விற்பனைப் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்த ஜூன் 29 அன்று, கில்லனும் குளோவரும் குழுவுடன் தம் கடைசிக் கச்சேரியை வாசித்துவிட்டு விலகினார்கள். அந்தக் கச்சேரி நடந்த ஊரும் ஒசாகாதான்.