−31இல் ஸ்டார்ட் ஆகாத பழைய 7.3 டீசல்: எட்டு இன்ஜெக்டரையும் மாற்றணுமா?

நாமக்கல்லான், சாஸ்கட்டூன்

வணக்கம். போன அக்டோபரில் 2000ஆம் வருஷத்து ஃபோர்டு எஃப்-250 ஒன்று வாங்கினேன். 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல், 3,40,000 கிலோமீட்டர் ஓடியது. கடை வாசல்களில் பனி தள்ளும் வேலை பிடித்திருக்கிறேன், அதற்காகத்தான். அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். டீசல் என்றால் நமக்குத் தெரியாததா என்று தைரியமாக வாங்கிவிட்டேன். நவம்பர் வரை அந்தத் தைரியம் இருந்தது.

முந்தாநாள் காலை இங்கே கனடாவில் −31 டிகிரி. இன்ஜின் சூடாக இருக்கட்டும் என்று இரவு முழுக்க வண்டியைக் கரண்ட் பிளக்கில் போட்டு வைத்திருந்தேன். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. பின்னால் வெள்ளைப் புகை மட்டும் குபுகுபுவென்று வருகிறது. அடுப்பில் ஈர விறகை வைத்த மாதிரி கண் கரிக்கிறது. நாலைந்து தடவை முயன்றதும் பேட்டரி இறங்கிவிட்டது. −10 வரைக்கும் கொஞ்சம் இருமிவிட்டு ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்த வண்டி இது.

இழுத்துக்கொண்டு போய் ஒரு பட்டறையில் விட்டேன். உள்ளே, சூட்டில், ஒரு ராத்திரி நின்றது. காலையில் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட். அதைப் பார்த்துவிட்டு, "டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது, எட்டையும் மாற்றணும், 4,200 டாலர்" என்கிறார்கள். வண்டியே 8,500தான். ஹீட்டர் நன்றாக இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்: டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரிந்து ஒழுங்காக அணைகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஈதர் ஸ்ப்ரே ஒன்று கொடுத்து, காற்றுக் குழாயில் அடி என்கிறார். அடிக்கலாமா? யாராவது இந்த வண்டி வைத்திருந்தால் சொல்லுங்கள்.

பழைய டீசல்காரன், எட்மன்டன்

தம்பி, முதலில் அந்த ஸ்ப்ரேயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கோ. உங்கட எஞ்சினில் குளிரில் சிலிண்டரைச் சூடாக்குகிற க்ளோ பிளக் இருக்கு. அது பழுக்கக் காய்ந்து நிற்கும்போது ஈதர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே வர முதலே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டனும் உடையும். 4,200 டாலரே மலிவு என்று சொல்ல வேண்டி வரும்.

அடுத்தது, நீங்கள் "ஹீட்டர்" என்று எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ஊரில் நீங்கள் ஹீட்டர் பிளக் என்று சொல்வது இங்கத்தைய க்ளோ பிளக். சிலிண்டர் தலைக்குள் எட்டு இருக்கு, பற்றரியில் ஓடும். இரவில் சுவர் பிளக்கில் கொழுவுகிறீர்களே, அது பிளாக் ஹீட்டர். எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டைச் சூடாக்குவது, 120 வோல்ட், 1,000 வாட். ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆரஞ்சு விளக்கு இந்த இரண்டில் எதுவும் வேலை செய்கிறது என்று சொல்லாது. இங்க ஓடுகிற பெரும்பாலான 7.3இல் அது வெறும் நேரக் கணக்கு விளக்கு. ரிலே (க்ளோ பிளக்குக்குக் கரண்ட் விடுகிற சுவிட்ச்) செத்திருந்தாலும் எரிந்து அணையும். என்னுடைய 1999 வண்டியில் நான் ஒரு குளிர்காலம் முழுக்க அந்த விளக்கை நம்பி ஏமாந்தவன்.

வெள்ளைப் புகை என்று எழுதினீர்கள் பாருங்கோ, அதுதான் நல்ல செய்தி. டீசல் உள்ளே போகுது, இன்ஜெக்டர் தெளிக்குது, எரியத்தான் சூடு காணாது. புகையே இல்லாமல் சும்மா சுற்றினால்தான் வேறு கதை. அப்போது ஆர்.பி.எம். முள்ளைப் பார்க்க வேணும். சுற்றும்போது முள் அசையாவிட்டால், எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்கிற கேம் சென்சர் போயிருக்கும். அந்தச் சென்சர் ஒன்றும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்றும் எப்பவும் வண்டியில் கிடக்கட்டும், 7.3 வைத்திருக்கிற எல்லாரும் அப்படித்தான். உங்கட பிரச்சினை இப்ப அது இல்லை. சூடான கராஜில் ஒரே சுற்றில் பிடித்ததும் எரியச் சூடு காணாது என்பதைத்தான் சொல்லுது. அதைக் கண்ட பிறகும் எட்டு இன்ஜெக்டருக்கு விலை சொன்னவர் மல்டிமீற்றரைக் கையில் எடுக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

சரி, நீங்கள் எடுங்கோ. முதலில் பிளாக் ஹீட்டர் வயர். முன் பம்பரில் தொங்குகிற பிளக்கின் இரண்டு கம்பிக்கும் நடுவில் ஓம் (மின்தடை) பாருங்கோ. 14, 15 வந்தால் நல்லது. ஒன்றுமே காட்டாவிட்டால் ஒன்றில் வயர் எஞ்சின் பக்கத்து முனையில் கருகியிருக்கும், இல்லாவிட்டால் ஹீட்டரே போயிருக்கும். வயர்தான் அடிக்கடி போறது. மீற்றர் இல்லாமலும் அறியலாம். கொழுவிவிட்டு இரண்டு, மூன்று நிமிஷம் பொனற்றுக்குப் பக்கத்தில் காது வைத்து நில்லுங்கோ. கேத்தல் கொதிக்கத் தொடங்கும் முன் ஒரு சீறல் வருமே, அந்தச் சத்தம் கேட்க வேணும். கேட்காவிட்டால் நீங்கள் இரவு முழுக்கச் சும்மா ஒரு கயிற்றைக் கட்டி வைத்திருந்த மாதிரித்தான். அப்பார்ட்மென்ட் தரிப்பிடம் என்றால் அந்தக் கம்பத்தில் கரண்ட் வருகிறதா என்றும் பாருங்கோ. சில இடங்களில் மின்சாரச் செலவுக்காக விட்டு விட்டுத்தான் தருவார்கள்.

பிறகு க்ளோ பிளக் ரிலே. எஞ்சினுக்கு மேலே, பயணி பக்கம், எரிபொருள் வடிகட்டிக் கிண்ணத்துக்குக் கிட்ட இருக்கு. இரண்டு பெரிய போல்ட் இருக்கும். மீற்றரின் கறுப்பு வயர் பற்றரி நெகற்றிவில். ஒரு போல்ட்டில் எப்பவும் 12 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஒருவரைத் திறப்பை (சாவியை) திருப்பச் சொல்லுங்கோ, ஸ்டார்ட் பண்ண வேண்டாம். டிக் என்று கேட்கும், மற்றப் போல்ட்டிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேணும். டிக் கேட்டது, அதனால் நல்லது என்று விட்டுவிடாதீங்கோ. உள்ளே செம்பு கருகிப்போய், சத்தம் மட்டும் வந்து கரண்ட் பாதிதான் போகும். குளிரில் இந்த ரிலே இரண்டு நிமிஷம் வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியது, அதனால்தான் கருகுது. புதிது வாங்கினால் தொடர்ந்து கரண்ட் தாங்குகிற வகை என்று கேட்டு வாங்குங்கோ. ஸ்டார்ட்டர் ரிலேயும் பார்க்க அதே மாதிரி இருக்கும், விலையும் பாதி. போட்டால் ஒரு கிழமைகூடத் தாங்காது.

ரிலே சரியென்றால் எஞ்சின் மேல்மூடியில் இருக்கிற வால்வ் கவர் கனெக்டரைக் கழற்றி ஒவ்வொரு பிளக்காக ஓம் பாருங்கோ, 2க்குள்ளே வர வேணும். எஞ்சின் ஓடும்போது மட்டும் அதில் கை வைக்கக் கூடாது, இன்ஜெக்டருக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் போகுது.

இன்னொன்று, என்ன ஒயில் விட்டிருக்கிறீர்கள்? இந்த எஞ்சினில் இன்ஜெக்டரை அழுத்துவதே எஞ்சின் ஒயில்தான். சுற்றும்போது ஒயில் அழுத்தம் 500 பி.எஸ்.ஐ. ஆவது ஏறினால்தான் இன்ஜெக்டர் வாய் திறக்கும். −31இல் 15டபிள்யூ-40 ஒயில் சர்க்கரைப் பாணி மாதிரி இருக்கும், பம்ப் எங்கே அழுத்தம் ஏற்றுவது! 5டபிள்யூ-40 சின்தெற்றிக் விடுங்கோ. 14 லிட்டர் பிடிக்கும், காசு நோகும்தான்.

ஹைவே மலர், அபட்ஸ்ஃபோர்ட்

அண்ணா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தம்பிக்கு டீசல் உறையவில்லை என்பது புகையிலிருந்தே தெரிகிறது. ஆனாலும் அடுத்து அதில் மாட்டக்கூடாது என்பதற்காக என் கதை.

என்னுடையது 2001 ராம் 2500, 5.9 கம்மின்ஸ். அதில் க்ளோ பிளக்கே கிடையாது, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் கம்பிவலைதான். குளிரில் ஸ்டார்ட் ஆவதில் ஒரு நாளும் சண்டித்தனம் பண்ணியதில்லை. இரண்டு வருஷம் முன்பு டிசம்பரில் கடலோரப் பக்கத்து எங்கள் ஊரில் 6 டிகிரி, மழை. இரண்டு டேங்கும் நிரப்பிக்கொண்டு (பின்னால் கூடுதல் டேங்க் வைத்திருக்கிறேன்) கோக்கிஹாலா மலைப்பாதை ஏறி, கம்லூப்ஸ் தாண்டி, ஜாஸ்பர் வழியாக எட்மன்டனுக்குக் கிளம்பினேன். ஆல்பர்ட்டா மாகாணத்து ஹின்டனில் இரவு தங்கல், −34. காலையில் அழகாக ஸ்டார்ட் ஆனது. பத்து நிமிடம் ஓடியது. ஹைவேயில் ஏறி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மூச்சுத் திணறி, 60, 40, அப்புறம் ஓரம்.

வடிகட்டியைத் திறந்தால் உள்ளே மார்கழி மாதத்துத் தேங்காய் எண்ணெய். வெள்ளையாக, விரலால் வழித்து எடுக்கலாம். டீசலில் உள்ள மெழுகு அது. கடலோரத்தில் விற்கும் டீசல் அந்த ஊர்க் குளிருக்குத் தகுந்தது. ஆல்பர்ட்டாவில் விற்பது ஆல்பர்ட்டாக் குளிருக்கு. நான் கடலோர டீசலை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் உறைய வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் வீட்டில் கால் டேங்க்தான் போடுவேன், கம்லூப்ஸ் தாண்டி மலை ஊர்களில் நிரப்பிக்கொள்வேன்.

உறையாமல் இருக்க ஊற்றும் மருந்து, டீசல் போடும் முன்பே டேங்கில் இருக்க வேண்டும். உறைந்த பிறகு அதை ஊற்றிப் பயனில்லை, உருக்குவதற்குத் தனி பாட்டில் விற்கிறார்கள். கையில் ஒரு புது வடிகட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு என்னிடம் இரண்டும் இல்லை. வண்டியை இழுத்த கூலியைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

வேலூர் ஹவில்தார்

கனடா பற்றி எனக்குத் தெரியாது. 1990களில் லடாக்கின் லே ஊரில் ராணுவத்துச் சக்திமான் லாரி ஓட்டினேன். டீசலில் மண்ணெண்ணெய் கலப்போம். ராத்திரி மணிக்கொரு தடவை எழுந்து ஸ்டார்ட் பண்ணுவோம், அதற்கென்றே முறை போட்டிருப்பார்கள். காலையில் டேங்குக்கு அடியில் துணியைக் கொளுத்திப் பிடிப்பவர்களும் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள், ஒரு தடவை கேன்வாஸ் பற்றிக்கொண்டதை நேரில் பார்த்தவன் நான். 2019 நவம்பரில்தான் லடாக்குக்கென்று −33 வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. நாங்கள் ஓய்வு பெற்ற பிறகு எல்லா வசதியும் வருகிறது!

நாமக்கல்லான், சாஸ்கட்டூன்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை −27, வெளியிலேயே நின்று பார்த்தேன். மீட்டரின் எண்களே குளிரில் மெதுவாகத்தான் மாறின; ஒரு எண் அழிந்து அடுத்தது தெரிவதற்குள் விரல் மரத்துப்போகிறது. கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்பேனரைத் தொட்டேன், தோல் ஒட்டிக்கொண்டது. இனி கழற்ற மாட்டேன்.

பம்பர் பிளக்கில் ஓம் ஒன்றுமே காட்டவில்லை. குனிந்து வயரைப் பின்தொடர்ந்து போனால், ஹீட்டரில் சொருகும் முனை கருகி, பிளாஸ்டிக் உருகிப் புளியங்கொட்டை மாதிரி கறுப்பாக இருந்தது. ஹீட்டரின் கம்பிகளில் நேராக வைத்துப் பார்த்தேன்: 14.6. ஆக ஹீட்டர் நல்லது, வயர்தான் செத்திருக்கிறது. எத்தனை நாளாக வெறும் வயரை பிளக்கில் சொருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேனோ தெரியவில்லை.

ரிலேயில் ஒரு பக்கம் 12.3. மனைவி சாவியைத் திருப்பினாள், டிக் என்று நன்றாகவே கேட்டது, மறு பக்கம் 6.8. அண்ணை எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் அந்த டிக்கை நம்பிவிட்டு இன்ஜெக்டருக்குக் கடன் வாங்கியிருப்பேன். எட்டு க்ளோ பிளக்கில் ஏழு சரி, ஒன்று செத்திருக்கிறது. அதை வசந்தம் வந்ததும் பார்த்துக்கொள்கிறேன்.

புது வயர், தொடர்ந்து கரண்ட் தாங்கும் ரிலே, இரண்டும் சேர்த்து 140 டாலருக்குள். ஆயில் பழைய ஆள் விட்ட 15டபிள்யூ-40தான், மாற்றிவிட்டேன். பேட்டரி இரண்டையும் தனித்தனியாகக் கழற்றிச் சோதித்ததில் ஒன்று பலவீனம், அதுவும் பட்டியலில் இருக்கிறது.

இன்று காலை −29. டைமர் வைத்து நான்கு மணி நேரம் மட்டும் சூடாக்கினேன். அந்தக் கேத்தல் சத்தமும் கேட்டது. இரண்டே சுற்று, பிடித்துக்கொண்டது. கொஞ்சம் வெள்ளைப் புகை, அரை நிமிடத்தில் போய்விட்டது. ஆனால் ஒரு சந்தேகம்: ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வாக்யூம் கிளீனர் போட்ட மாதிரி ஒரு உஷ்ஷ்ஷ் சத்தம். டர்போ போய்விட்டதா?

பழைய டீசல்காரன், எட்மன்டன்

சந்தோஷம் தம்பி. டர்போ ஒன்றும் ஆகவில்லை. டர்போவுக்குப் பின்னால் ஒரு வால்வு இருக்கு, எஞ்சின் குளிராக இருக்கும்போது புகைபோக்கியைப் பாதி மூடிக்கொள்ளும், கெதியாகச் சூடேறட்டும் என்று. அந்தச் சத்தம்தான். சூடேறினதும் தானாகத் திறந்துவிடும். வண்டி நல்லாகச் சூடான பிறகும் சத்தம் நிற்காமல் இழுவையும் குறைந்தால் வால்வு இறுகியிருக்கு என்று அர்த்தம், அப்ப எழுதுங்கோ. பலவீனமான பற்றரியை வசந்தம் வரை வைத்திருக்க வேண்டாம், இறங்கின பற்றரி இந்தக் குளிரில் உறையும். உறைந்ததுக்கு ஒருநாளும் சார்ஜரோ பூஸ்ற்ரர் வயரோ கொழுவக் கூடாது, வெடிக்கும். மற்றது, இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கோ. புதிசையும் பழசையும் சேர்த்துப் போட்டால் பழசு புதிசைத் தின்னும்.