டீத்தூள் விளம்பரத்துக்குப் பழைய பாட்டைக் கொடுக்கலாமா?

குன்னூர் கிதார்: எங்கள் ராக் குழுவில் நான்கு பேர், எல்லோருக்கும் அறுபது நெருங்கிவிட்டது. மழை ஈரம் ஏறி ஆம்ப்ளிஃபயர் கரகரக்கிறது. ஒரு டீத்தூள் கம்பெனி எங்கள் முதல் பாட்டைக் கேட்கிறது. பல்லவியில் 'மணம்' என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டுமாம்! மூவர் சரி என்கிறார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

கோத்தகிரி மாமா: பிரிட்டிஷ் ராக் குழு ரோலிங் ஸ்டோன்ஸே 1995இல் தங்கள் பாட்டை விண்டோஸ் விளம்பரத்துக்குக் கொடுத்தார்கள். வாங்கி ஆம்ப்ளிஃபயரை மாற்றுங்கள் தம்பி.

ஊட்டி டிரம்மர்: டோர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரம்மர் ஜான் டென்ஸ்மோர், பாட்டுக்காக காடிலாக் கார் கம்பெனி நீட்டிய 1.5 கோடி டாலரை வேண்டாம் என்றார். அந்தக் குழுவில் ஒருவர் மறுத்தாலும் நடக்காது என்று ஒப்பந்தம் இருந்தது. உங்களிடம் அப்படி ஒப்பந்தம் உண்டா அண்ணா?

குன்னூர் கிதார்: ஒப்பந்தமா? பேக்கரி வாசலில் வர்க்கி தின்றுகொண்டே ஆரம்பித்த குழு. சரி, பாட்டைக் கொடுக்கிறேன். 'மணம்' மட்டும் கிடையாது என்று நாளைக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.