1971 டாங்கைலில் குதித்தவர்களில் யார் இருக்கிறார்கள்? மாமனாரின் கூட்டாளிகளை எங்கே தேடுவது?

ஹலசூர் மருமகள்

வணக்கம். பெங்களூரு ஹலசூரில் இருக்கிறோம். என் மாமனார் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் வேலூர் பக்கம். 1971 டிசம்பர் 11 சாயங்காலம், அப்போதைய கிழக்கு பாகிஸ்தானில் டாங்கைல் அருகே 2 பாரா பட்டாலியனைப் பாராசூட்டில் இறக்கினார்களே, அவர்களோடு போன மருத்துவக் குழுவில் இவரும் குதித்தவர்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒவ்வொரு டிசம்பர் 11-ம் தேதியும் எங்கள் மொட்டை மாடியில் ஒரு கூட்டம் சேரும். மட்டன் பிரியாணி, கேன்டீன் ரம், பாதி இந்தி பாதி மராத்தியில் சத்தம். பிறகு அது போன் பேசுவதோடு நின்றது. போன டிசம்பரில் சாதாரா மாவட்டத்திலிருந்து ஒரே ஒருவர்தான் கூப்பிட்டார். இப்போது அந்த நம்பரும் உபயோகத்தில் இல்லை என்கிறது.

மாமாவிடம் ஒரு பழைய எல்ஐசி டைரி இருக்கிறது. யாராவது போய்விட்டதாகச் சேதி வந்தால் அந்தப் பெயரை ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதுவார். "ஹார்ட்", "கிட்னி", ஒரு இடத்தில் "டிராக்டர்". பால் கணக்கும் அதே டைரியில்தான் இருக்கிறது. கோடு விழாத பெயர்களை இப்போது ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

ஆனால் வாயைத் திறக்க மாட்டார். பத்தாவது படிக்கும் என் மகன் பிராஜெக்டுக்காகக் கேட்டான். "குதிச்சோம், நடந்தோம், டாக்கா வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார்.

மிச்சம் இருப்பவர்களைக் கண்டுபிடிக்க யாரிடம் போக வேண்டும்? கண்டுபிடிப்பதற்குள் இவரையாவது எப்படிப் பேச வைப்பது? ராணுவ வீட்டில் வளர்ந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ரிட்டயர்டு சுபேதார், கம்மனஹள்ளி

அம்மா, முதலில் மாமாவின் ஆர்மி நம்பரை டிஸ்சார்ஜ் புக்கில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாளிகளின் நம்பரும் டைரியில் இருந்தால் இன்னும் நல்லது. வெறும் பெயரை வைத்து ராணுவத்தில் ஆளைப் பிடிக்க முடியாது. பாட்டீல் என்று கேட்டால் சாதாராவில் பாதி மாவட்டம் திரும்பிப் பார்க்கும்.

அடுத்தது. பாராசூட் ரெஜிமென்டின் சென்டரும் ரெக்கார்ட் ஆபீஸும் நம்ம ஊரில்தானே இருக்கின்றன, ஆட்டோ பிடித்துப் போய்விடலாம் என்று தோன்றும். அங்கே பாரா பட்டாலியன் ஆட்களின் கணக்கு மட்டும்தான் இருக்கும். (அந்த சென்டரே 1992-ல்தான் ஆக்ராவிலிருந்து பெங்களூருக்கு வந்தது.) பாராக்காரர்களின் மெரூன் தொப்பி போட்டவர்கள் எல்லாரும் ஒரே ஆபீஸில் இருக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் தன் தாய்ப் பிரிவின் கணக்கில்தான் இருப்பார். உங்கள் மாமா மருத்துவப் பிரிவு, அதனால் லக்னோ. கூடக் குதித்த பீரங்கிக்காரர் என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பாம்பே சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர்கள்) என்றால் புனே கிர்க்கி. எந்த ஆபீஸும் உங்களுக்கு அடுத்தவர் முகவரியை எடுத்து நீட்டாது. மாமா கையெழுத்திலேயே கடிதம் போகட்டும்.

அதைவிடச் சுருக்கு வழி ஜில்லா சைனிக் போர்டு. 2 பாரா என்பது பழைய மராத்தா பட்டாலியன், அதனால் சாதாரா, கோலாப்பூர், சாங்லி, பெலகாவி பக்கத்து ஆட்கள்தான் நிறைய. அந்தந்த மாவட்ட போர்டில் முன்னாள் வீரர்கள், விதவைகள் பதிவு இருக்கும். பட்டாலியனின் சுபேதார் மேஜருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். டாங்கைல் பக்கம் அன்று அவர்கள் பிடித்த பூங்லி பாலத்தின் பெயரிலேயே பட்டாலியனுக்குப் போர் கௌரவம் உண்டு, அந்த நாளை பட்டாலியன் மறக்காது.

இன்னொன்று, மாமா மருந்து வாங்க இசிஎச்எஸ் (முன்னாள் வீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் போகிறபோது நீங்களும் கூடப் போய் அந்த பெஞ்சில் உட்காருங்கள். ரெக்கார்ட் ஆபீஸ் ஆறு மாதத்தில் சொல்லாததை பிபி மாத்திரைக்குக் காத்திருக்கும் பெருசுகள் அரை மணியில் சொல்லிவிடுவார்கள்.

சாப்பர் மகள்

என் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், பாரா இல்லை. அவர் பேச்சை நான் ரெக்கார்ட் செய்து வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

"பயமா இருந்துச்சா", "எப்படி உணர்ந்தீங்க" என்று டிவிக்காரர்கள் மாதிரி மட்டும் கேட்காதீர்கள். மோட்டார் போடத்தான் போவார்கள். பொருளைக் கேளுங்கள், ஆளைக் கேளுங்கள். பாராக்காரர்களிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி இருப்பதாக அப்பாவின் நண்பர் ஒருவர் சொல்வார்: "ஸ்டிக்குல உங்களுக்கு முன்னாடி யாரு, பின்னாடி யாரு?" ஒரு விமானத்திலிருந்து வரிசையாகக் குதிக்கிறவர்களை ஸ்டிக் என்பார்கள். பாராசூட்டைத் திறக்கிற பட்டையின் கொக்கியைத் தலைக்கு மேலே போகும் கம்பியில் மாட்டிவிட்டு, பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரின் முதுகுப் பொதியைச் சரி பார்த்துத் தட்டிக்கொடுக்க வேண்டும். சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு, அவ்வளவுதான். கடைசியாகப் பார்த்த அந்த முதுகு யாருடையது என்பதை மறக்கவே மாட்டார்களாம்.

காலையில் காபிக்குப் பிறகு உட்காருங்கள், சாயங்காலம் வேண்டாம். ஃபேனை நிறுத்துங்கள். காது மெஷின் போடுகிறாரா என்று பாருங்கள். போனில் லோஹஜங் ஆறு, பூங்லி பாலம் எங்கே என்று மேப்பில் காட்டினால் தானே விரலை வைத்துப் பேச ஆரம்பிப்பார். தேதி தப்பாகச் சொன்னால் விட்டுவிடுங்கள், தேதி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

வரலாற்றுப் புழு

தேதி மட்டுமில்லை, புத்தகத்தில் இருக்கிற வேறு சிலவும் மாமாவிடம் பேசுவதற்கு முன்னால் தெரிந்திருந்தால் நல்லது.

மைமன்சிங், ஜமால்பூர் பக்கத்திலிருந்து பாகிஸ்தானின் 93-வது பிரிகேட் டாக்காவுக்குப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. அது டாக்கா போய்ச் சேராமல் வழியை அடைக்க வேண்டும். அதற்காகத்தான் பூங்லி பாலம். கலாய்குண்டா, டம்டம் தளங்களிலிருந்து டக்கோட்டா, பாக்கெட், ஆன்-12, கேரிபு என்று கிடைத்த விமானம் எல்லாம் கிளம்பின. இறங்கியவர்கள் சுமார் 700 பேர். லெப்டினென்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு தலைமை. ஆட்கள் சிதறித்தான் விழுந்தார்கள், குளத்திலும் விழுந்தார்கள். ஊர் ஜனங்கள் ஓடி வந்து சாமான்களைத் தூக்கிக்கொடுத்தார்கள். அன்று இரவுக்குள் பாலம் கையில். மறுநாள் மராத்தா காலாட்படை வந்து சேர்ந்துகொண்டது. பன்னுவுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

ஆனால் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் ஐயாயிரம் பேர் குதித்ததாகச் செய்தி வந்தது. செய்தியோடு தரப் படம் வேண்டுமே? ராணுவத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி ராம்மோகன் ராவ், ஆக்ராவில் முன்பு நடந்த பயிற்சியின் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். வானம் முழுக்கப் பாராசூட். இன்றும் டாங்கைல் என்று தேடினால் அந்தப் படம் வந்து நிற்கும். அதில் உங்கள் மாமாவைத் தேடி வட்டம் போட்டு ஃபிரேம் செய்துவிடாதீர்கள், சொல்லிவிட்டேன்.

அந்த ஐயாயிரம் டாக்காவில் இருந்த பாகிஸ்தான் ராணுவத்தாரின் நம்பிக்கையைக் கரைத்தது என்பது நிஜம். 16-ம் தேதி காலை டாக்கா ஓரத்து மீர்பூர் பாலத்திலிருந்து நம் ஜெனரல் நாக்ரா எழுதிக் கொடுத்த சீட்டோடு ஜீப்பில் பாகிஸ்தான் தளபதி நியாஸியிடம் போன சின்ன குழுவில் 2 பாராவின் கேப்டன் நிர்பய் சர்மாவும் இருந்தார். பிற்பாடு அருணாசலப் பிரதேசம், மிசோரம் ஆளுநர் ஆனவர் அவர்தான்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தக் கதைகளில் மருத்துவக்காரர்கள் வருவதே இல்லை. இந்தியர்களில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்தவர்களில் ஒருவரே டாக்டர்தான்: ஏ.ஜி. ரங்கராஜ், 1941 அக்டோபரில். அவர்தான் கொரியப் போரில் 60 பாரா ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற போர்க்கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்கப் பாராட்ரூப்பர்களோடு தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு குதித்தார். அவருக்கும் மகாவீர் சக்ரா. நம்ம பக்கத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? மாமா சொல்வதை அவசியம் பதிவு செய்யுங்கள்.

ஹலசூர் மருமகள் (சில வாரங்கள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. சாப்பர் மகளுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு கடன்.

காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "மாமா, ஸ்டிக்குல உங்களுக்கு முன்னாடி யாரு நின்னாங்க?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு ஸ்டிக்குன்னு யாரும்மா சொன்னது?" அவ்வளவுதான், சமையல் அன்றைக்குப் பதினோரு மணிக்குத்தான் தொடங்கியது.

முன்னால் நின்றவர் அந்த சாதாரா மாமாதான். அவர் உழுத வயலில் கால் மடங்கி விழுந்திருக்கிறார். நம்மவர் குளத்தங்கரைச் சேற்றில். தூக்கி வந்த கட்டுத்துணிப் பொதியில் பாதி நனைந்துவிட்டதாம். லுங்கி கட்டிய பையன்கள் "ஜெய் பாங்ளா" என்று கத்திக்கொண்டு வந்து பொதியைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். போரில் மாமாவின் முதல் நோயாளி குண்டடி பட்டவர் இல்லை, கணுக்கால் சுளுக்கிய இந்த சாதாராக்காரர்தான். பூட்ஸைக் கழற்றச் சொல்லி அவர் கெஞ்சியிருக்கிறார். மாமா கழற்றவில்லை. கழற்றினால் வீங்கி, மறுபடி கால் உள்ளே நுழையாது. நாடாவை இன்னும் இறுக்கி, பூட்ஸுக்கு மேலேயே எட்டு மாதிரி கட்டுப் போட்டு, "இப்ப நட" என்று எழுப்பி விட்டிருக்கிறார். என் மகனின் கணுக்காலை இழுத்து மடியில் வைத்து, காய்கிற துண்டை எடுத்து அதே கட்டைப் போட்டுக் காட்டினார். அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. காபி டம்ளர் பிடிக்கும்போதுதான் நடுங்குகிறது.

துப்பாக்கிச் சண்டையைப் பற்றி ஒரே ஒரு வரி: "ராத்திரி வேலை நிறைய இருந்துச்சு." அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

சுபேதார் சார், சாதாரா சைனிக் போர்டு வேலை செய்தது. பேரன் சிம் மாற்றியிருக்கிறான், தாத்தா நலம். வீடியோ காலில் இரண்டு பேரும் பேசினார்கள். நலம் விசாரித்து முடிப்பதற்குள் அவர் காலைத் தூக்கிக் கேமராவில் காட்டி, நீ இறுக்கிக் கட்டியதில்தான் எனக்கு இன்றைக்கும் மரத்துப் போகிறது என்று சண்டைக்கு வந்துவிட்டார். அது சர்க்கரை, கட்டு இல்லை என்று இவர் கத்துகிறார். இரண்டு பேருக்கும் காது கேட்காது. எதிர் வீட்டு ஆன்ட்டி பால்கனிக்கே வந்துவிட்டார். மாமா மராத்தி பேசி நான் கேட்டதே அப்போதுதான்.

அந்த வீடியோ கால் முழுசையும் ரெக்கார்ட் செய்திருக்கிறேன், ஆனால் முக்கால்வாசி மராத்தி, அதுவும் கிராமத்து மராத்தி. மாமாவிடம் அர்த்தம் கேட்டால் கெட்ட வார்த்தைகளை எல்லாம் தாண்டிப் போய்விடுகிறார் என்று சந்தேகம். பெங்களூரில் மராத்தி தெரிந்த நம்மவர்கள் யாராவது உட்கார்ந்து எழுதித் தர முடியுமா? இன்னும் இரண்டு பேர் பெலகாவி பக்கம் இருப்பதாக சாதாரா மாமா சொல்கிறார். அவர்களிடமும் பேச வேண்டும்.

ஆர்.டி. நகர் ராவ்

பிறந்தது தஞ்சாவூர், வீட்டில் பேசுவது மராத்தி. ஆனால் எங்களுடையது முந்நூறு வருஷப் பழசு, சாதாராக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். என் மனைவி கோலாப்பூர், அவளுக்குக் கெட்ட வார்த்தை உட்பட எல்லாம் புரியும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் இரண்டு பேரும் வருகிறோம். ஃபைலை அனுப்ப வேண்டாம், மாமா பக்கத்தில் இருக்கும்போதே கேட்போம்.