சேலத்தில் இரண்டு நாள்: கோட்டை, சிற்பம் பார்க்க எந்த வரிசை?

கேள்வி – காவிரிக்கரை
சனி, ஞாயிறு இரண்டு நாள் சேலத்தில் தங்குகிறோம். எல்லாரும் ஏற்காடு என்கிறார்கள். எங்களுக்குக் கோட்டையும் சிற்பமும்தான் ஆர்வம். கூட அம்மா வருகிறார், முழங்கால் வலி உண்டு. வாடகைக் கார் இருக்கிறது. வெயிலிலும் நடை சாத்தும் நேரத்திலும் மாட்டாமல் எப்படிப் போகலாம்?

பதில் – ஓமலூரான்
சங்ககிரி, தாரமங்கலம் இரண்டையும் சனிக்கிழமையே முடிச்சிடுங்க. காலையில் கோட்டை, சாயங்காலம் கோயில். இதை மாத்தினா இரண்டும் கெடும்: பத்து மணிக்கு மேல சங்ககிரிப் பாறை கொதிக்கும், தாரமங்கலத்துல மதியம் நடை சாத்திடுவாங்க.

சங்ககிரி மலையில வாயில் வாயிலா ஏறணும். தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்டது இந்தக் கோட்டையில்தான். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கீழிருந்தே எடுத்துக்குங்க, மேல கடை கிடையாது. மழை பெஞ்ச மறுநாள் கல் வழுக்கும், ரப்பர் அடிச் செருப்போட ஏறாதீங்க.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு நாலு மணிக்கு மேல போங்க. இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் எழுப்பின கோயில், மேற்குப் பார்த்த சன்னிதி. அதனால சாயங்கால வெயில் நேரா ராஜகோபுரத்துல விழும். கோபுரத்தோட அடிப்பகுதியை யானையும் குதிரையும் இழுக்கிற தேர் மாதிரி செதுக்கியிருக்காங்க. முதல்ல வெளியே நின்னு அதைப் பாருங்க. உள்ளே போனா அண்ணாந்து பாருங்க: விதானத்துல தாமரை, சுத்திலும் கிளிகள், கல் சங்கிலி. யாளி வாய்க்குள்ள உருளுற கல் பந்தும் உண்டு. அங்கே வெளிச்சம் குறைவு, டார்ச் வேணும்.

வாலி தூணை விட்டுடாதீங்க. ராமன் இருக்கிற தூண்கிட்ட நின்னா வாலி தெரிவான். வாலிகிட்டப் போய்த் திரும்பினா ராமன் தெரியமாட்டார். கதையில மறைஞ்சு நின்ன மாதிரியே சிற்பத்திலயும் மறைச்சு வெச்சிருக்காங்க. இரண்டு இடத்துலயும் நின்னு பார்த்தாத்தான் அந்த சிற்பியோட கணக்கு புரியும். இதுக்கு மட்டுமே அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

பதில் – அஸ்தம்பட்டி
ஓமலூரான் சொன்ன வரிசை சரி, ஆனா அம்மாவுக்கு ஆகாது. கோட்டை அடிவாரத்துல அவங்களை மூணு மணி நேரம் உட்கார வைக்கிறது பாவம். நீங்க மட்டும் காலையில சங்ககிரி போயிட்டு சேலம் திரும்பிடுங்க. மதியம் ஓய்வு எடுத்துட்டு, அம்மாவோட தாரமங்கலம் கிளம்புங்க. கொஞ்சம் கூடுதலா டீசல் ஆகும், பரவாயில்லை.

ஞாயிறு காலை டவுன்லயே இருங்க. சுகவனேஸ்வரர், கோட்டை அழகிரிநாதர், கோட்டை மாரியம்மன் மூணும் கிட்டக் கிட்ட இருக்கு. ஆடி மாசம்னா மட்டும் மாரியம்மன் கோயில் பக்கம் காரை எடுத்துட்டுப் போகாதீங்க, நகராது.

பதில் – சேர்வராயன்
ஏற்காட்டை அப்படியே ஒதுக்கிடாதீங்க, ஞாயிறு மதியம் போதும். போற வழியில மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்துக்கலாம். டி. ஆர். சுந்தரம் நடத்தின சினிமா ஸ்டுடியோவுல மிஞ்சினது அந்த முகப்புதான். மேலே ஏற 20 கொண்டை ஊசி வளைவு; அம்மாவை முன் சீட்ல உட்கார வைங்க, வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு ஏற வேண்டாம். சேர்வராயன் கோயில் குகைக்குள்ள இருக்கு, குனிஞ்சுதான் போகணும். முழங்கால் வலிக்காரங்களுக்குக் கஷ்டம். கிளியூர் அருவிக்கு நிறைய படி இறங்கணும், மழை இல்லாத மாசத்துல தண்ணியும் இருக்காது. லேடீஸ் சீட் வரைக்கும் கார் போகும், அங்கிருந்தே சேலம் முழுசும் தெரியும்.

இறங்கி வந்ததும் டவுன்ல தள்ளுவண்டியில தட்டுவடை செட் சாப்பிடுங்க. காரம் குறைச்சலா வேணும்னா முன்னாடியே சொல்லிடணும். சட்னி தடவி அடுக்கின பிறகு மாத்த முடியாது.